மஞ்சள் பாவாடை போட்ட பெண் குழந்தை

எங்கள் வீட்டில் என்னைப் பற்றி ஒரு பெருமைக் கதை உண்டு. விசேஷ வீடுகளில் பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் அப்பா அதை எடுப்பார். வருஷத்தில் முக்கால்வாசி நாள் வாயைத் திறக்காத மனிதர், இந்தக் கதைக்கு மட்டும் பூட்டைத் திறந்துவிடுவார்.

"எட்டு வயசுங்க இவளுக்கு. தீபத்தன்னிக்கு அவ்ளோ கூட்டத்துல கை நழுவிப் போச்சு. வேற பசங்களா இருந்தா அழுதுட்டு நின்னிருக்கும். இவ தன்னந்தனியா வீட்டுக்கு வந்துட்டா. அதே நேரத்துல மைக்ல எவளோ ஒரு பொண்ணக் காணோம்னு மூணு வாட்டி சொல்றாங்க, இவ உக்காந்து பொரி உருண்டை தின்னுட்டிருக்கா."

கேட்பவர்கள் என்னை மெச்சுவார்கள். நானும் கல்லூரி முடிக்கும்வரை அந்த மெச்சலை வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன். ஆரணியில் அத்தை மகளுக்கு மஞ்சள் நீராட்டு நடந்த அன்றும் அப்பா அதே கதையை எடுத்தார். மூணு வாட்டி என்ற இடத்துக்கு வந்தபோது, பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அத்தை நிமிராமல், "நாலு வாட்டி" என்றாள்.

அப்பா அம்மாவின் பக்கம் திரும்பி, "என்னா சொல்றா?" என்று கேட்டார்.

"நாலு வாட்டியாம்" என்றாள் அம்மா.

"மூணுதான்" என்று அப்பா கதையை முடித்துக்கொண்டார். அன்று சாயங்காலம் கொல்லைப் பக்கம் அண்டாக்களைத் தேய்த்துக்கொண்டே அத்தை என்னிடம் மிச்சத்தைச் சொன்னாள். முதல் அண்டாவில் தொடங்கி மூன்றாவது அண்டாவில் முடித்துவிட்டாள். அதன் பிறகு அந்தப் பெருமைக் கதையை நான் யாருக்கும் சொன்னதில்லை. அப்பா சொல்ல ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். என்னமோ அடக்கம் என்று எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. தாத்தா போன பிறகு அப்பாதான் அவளை வளர்த்தார். திருவண்ணாமலையில் மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. அப்பாவுக்குத் தங்கை மேல் பாசம் ஜாஸ்தி, பேச்சு கம்மி. அவள் வயதுக்கு வந்த நாளிலிருந்து அவளிடம் நேராகப் பேசுவதை அவர் நிறுத்திவிட்டாராம். கோபம் எதுவும் இல்லை. பெரிய பெண்ணிடம் அண்ணன் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று யாரோ அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், அவர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். அத்தைக்கு மல்லிகை வாங்கி வந்தால் அம்மா கையில் கொடுத்து, "குடுத்துடு" என்பார். அத்தைக்குக் காய்ச்சல் என்றால், "மாத்திரை போட்டாளானு கேளு" என்பார். அத்தை அதே அறையில்தான் படுத்திருப்பாள். அம்மா திரும்பி, "போட்டியா?" என்பாள். அத்தை, "போட்டேன்" என்பாள். அம்மா மறுபடி திரும்பி, "போட்டாளாம்" என்பாள். எங்கள் வீட்டின் எல்லாப் பேச்சும் அம்மா என்ற ஒரே பாலத்தின் வழியாகத்தான் போய் வந்தது. அந்தப் பாலத்தில் போக முடியாத பேச்சும் உண்டு என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

தீபத் திருவிழாவின் பத்து நாளும் சாயங்காலம் அத்தைதான் என்னைச் சாமி பார்க்கக் கூட்டிப் போவாள். ஏழு வயதில் ஒரு நாள் நிஜமாகவே தொலைந்துபோனேன். வளையல் கடையில் வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிட்டேன். திரும்பிப் பார்த்தால் எல்லாம் யார் யாரோ கால்கள். ஒரு தொண்டர் என்னைத் தூக்கிக்கொண்டு போய், காணாமல் போன பிள்ளைகளை வைத்திருக்கும் பந்தலில் உட்கார வைத்தார். அங்கே மைக்கின் முன்னால் ஒரு அண்ணன் இருந்தார். ஊரில் கல்யாணமோ கருமாதியோ, எதற்கும் மைக் செட் போடுகிற கடையில் வேலை செய்பவர். ஒல்லியான ஆள். அந்த உடம்பிலிருந்து அப்படி ஒரு குரல் வருவதை நேரில் பார்த்தால்தான் நம்ப முடியும். நான் அவரை மைக்கண்ணன் என்றுதான் கூப்பிட்டேன்.

"யாருகூட வந்த பாப்பா?" என்று கேட்டார்.

"அத்தை" என்றேன்.

அவர் என் பாவாடை நிறத்தையும் சட்டை நிறத்தையும் சொல்லி, அத்தையின் பெயரையும் சொல்லி, எங்கிருந்தாலும் உடனே பந்தலுக்கு வரவும் என்று அறிவித்தார். அத்தை அழுதுகொண்டே ஓடி வந்தாள். மைக்கண்ணன் அவளுக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்தார். அழுகை நின்றதும் அவள் சிரித்தாள். இவ்வளவுதான் நான் பார்த்தது.

அடுத்த வருஷத் திருவிழாவில் நான் நாலு முறை தொலைந்துபோனேன். வீட்டில் என் மானம் கப்பலேறியது. "கண்ணு எங்கதான் பராக்கு பாக்குமோ?" என்று அம்மா தலையில் குட்டினாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்னைத் தொலைஞ்சவ என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. அத்தையின் சுண்டுவிரலை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் அந்தப் பூக்கடை முனைக்கு வரும்போது எப்படியோ நழுவிவிடுகிறது. எனக்குள் ஏதோ ஒரு குறை இருக்கிறது என்று நம்பினேன்.

நழுவவில்லை. அத்தைதான் விட்டாள். விட்டுவிட்டுப் பூக்கடை முனையில் ஒலிபெருக்கி ஹார்னுக்குக் கீழே நின்று, அவள் பெயரை அவர் சொல்வதற்காகக் காத்திருந்தாள். ஒரு பையன் ஒரு பெண்ணின் பெயரைத் தெருவில் சொன்னால் வெட்டுக்குத்தில் முடிகிற ஊர். அந்த ஊரில் அவர் அவள் பெயரை மாட வீதி நாலிலும் கேட்கிற மாதிரி சொன்னார், ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்புறம் அவள் பந்தலுக்கு வருவாள். தொண்டர்கள் சுற்றி இருக்கும்போதே, குழந்தையை ஒப்படைக்கிற சாக்கில், ஐந்து நிமிஷம் பேசுவார்கள். நான் அவர் கொடுத்த ஆரஞ்சு மிட்டாயைச் சப்பிக்கொண்டு கால் ஆட்டிக்கொண்டிருப்பேன். இரண்டு திருவிழாக்களுக்கு நடுவில் ஒரு வருஷம் முழுக்க, ஊரில் எங்காவது கல்யாண வீட்டு மைக்கில் அவர் குரல் கேட்டால் அத்தை கை வேலையை அப்படியே நிறுத்திவிடுவாள். அவ்வளவுதான் அவர்கள் பழக்கம்.

அவர் சாதி வேறு. இதற்கு மேல் எங்கள் ஊரில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் நான் நாலாவது முறையாகத் தொலைந்தபோது அத்தை முகம் சரியில்லை. பந்தலுக்கு வந்தவள் தாழ்ந்த குரலில் என்னவோ சொன்னாள். ஆரணியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஒரு வீட்டிலிருந்து வந்திருந்த சம்பந்தம் முடிவாகிவிட்டது, வருகிற வெள்ளிக்கிழமை தட்டு மாற்றப்போகிறார்கள் என்று சொல்லியிருக்கிறாள். அவர் கொஞ்ச நேரம் மைக்கைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் சொன்னதை அத்தை இன்றும் வார்த்தை மாறாமல் வைத்திருக்கிறாள்.

"நாளைக்கு ராத்திரி வரைக்கும் யோசி. பாப்பா பந்தலுக்கு வந்தா, உனக்கு சம்மதம்னு எடுத்துக்கிறேன். மறுநாள் காலையில எங்க பெரியப்பாவைக் கூட்டிட்டு உங்க அண்ணன்கிட்ட நேரா பேசறேன். அடிச்சாலும் வாங்கிக்கிறேன். பாப்பா வரலைன்னா, நீ வேணாம்னு சொல்றதா புரிஞ்சுப்பேன். அப்புறம் உன் பக்கமே வர மாட்டேன்."

ஆக, ஒரு பெண்ணின் வாழ்க்கைக்கான ஆமாம் என்ற சொல் நான்தான். அது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், கிளம்பும்போது மைக்கண்ணன் இன்னொரு மிட்டாயை என் கையில் வைத்து, "நாளைக்கும் மறக்காம தொலைஞ்சிடு பாப்பா" என்று சொன்னதும், தொண்டர்கள் எல்லாரும் சிரித்ததும்தான். அவருக்கு அது கெஞ்சல். எனக்கு அது அவமானம். மிட்டாயை வழியில் சாக்கடையில் போட்டேன். நாளைக்குத் தொலையவே கூடாது என்று அண்ணாமலையார் மேல் சத்தியம் செய்துகொண்டேன். அன்றைக்கே, வீட்டுக்குத் திரும்பும் வழியில் இருந்த கடைகளை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்தேன். பூக்கடை, பித்தளைப் பாத்திரக்கடை, சோடாக்கடை, மஞ்சள் பெயிண்ட் அடித்த தையல் கடை, அப்புறம் எங்கள் சந்து.

மறுநாள் தீபம். அம்மா எனக்குப் பச்சைப் பட்டுப் பாவாடை கட்டிவிட்டாள். முந்தின நாள் உடுத்தியிருந்த மஞ்சள் பாவாடை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அத்தை நீலப் புடவை கட்டி, ரெண்டு முறை தலை பின்னி, ரெண்டு முறை அவிழ்த்தாள். "சம்மதம்னுதான் முடிவு பண்ணிட்டேன்டி. காலையிலயே பண்ணிட்டேன்" என்று அந்த மூன்றாவது அண்டாவைத் தேய்க்கும்போது சொன்னாள்.

மாட வீதியில் ஊசி விழ இடமில்லை. எல்லாரும் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பூக்கடை முனைக்கு வந்ததும் அத்தை குனிந்து என் முகத்துக்கு நேராக வந்தாள்.

"கை விட்டுப் போச்சுன்னா நேரா பந்தலுக்குப் போயிடு. என்ன? வேற எங்கயும் போகாத."

தலையாட்டினேன். மனசுக்குள் வேறு கணக்கு. அவள் என் கையை ஒரு முறை வலிக்கும்படி இறுக்கிப் பிடித்தாள். அப்புறம் விட்டாள்.

நான் பந்தல் இருக்கும் பக்கம் திரும்பவே இல்லை. பாத்திரக்கடை, சோடாக்கடை என்று முணுமுணுத்துக்கொண்டே கூட்டத்தின் கால்களுக்கு இடையில் எதிர்த்திசையில் புகுந்து போனேன். தையல் கடை தாண்டும்போது ஊரே ஒரே குரலில் "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்றது. மலை மேல் தீபம் ஏற்றிவிட்டார்கள். அந்த வருஷம் நான் தலை தூக்கி ஜோதியைப் பார்க்கவில்லை. வழி மறந்துவிடும் என்று பயம்.

வாசலில் அம்மா முதல் அகலை ஏற்றிக்கொண்டிருந்தாள். மலையில் ஜோதி தெரிந்த பிறகுதான் எங்கள் ஊரில் வீட்டு விளக்கு ஏற்றுவார்கள். தனியாக வந்து நின்ற என்னைப் பார்த்ததும் அவள் கையிலிருந்த எண்ணெய் சிந்தியது. விஷயத்தைச் சொன்னதும் பயம் பெருமையாக மாறியது. உள்ளேயிருந்து அப்பா வந்தார். என் தலையில் கை வைத்து, "பரவால்ல, வளந்துட்ட" என்றார். அம்மா வழியாக இல்லாமல் நேராக என்னிடம் சொன்னார். எனக்கு ஆகாயத்தில் பறப்பது போலிருந்தது. அது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதைச் சொல்ல இப்போது கூச்சமாக இருக்கிறது.

"அவ குழந்தையக் காணோம்னு தவிச்சிட்டிருப்பா" என்று சொல்லி அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினார். அரைமணியில் அத்தையோடு திரும்பினார்.

"பூக்கடை முனையில அப்படியே நின்னுட்டிருந்தா. பாவம், பயந்து போயிட்டா" என்று அம்மாவிடம் சொன்னார். உண்மையில் அத்தை அறிவிப்புக்காகக் காத்திருந்தாள். அறிவிப்பு வரவில்லை. என்னவோ ஆகிவிட்டது, நேராகப் பந்தலுக்கே போய்ப் பார்த்துவிடலாம் என்று ஒரு காலை எடுத்து வைத்தபோது எதிரில் அண்ணன் வந்துவிட்டார். பாசமுள்ள அண்ணன். சட்டைப் பொத்தானைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வந்த அண்ணன்.

சமையலறையில் அத்தை என்னை மட்டும் நிறுத்திக் கேட்டாள். "ஏன்டி பந்தலுக்குப் போகல?"

"எனக்கே வழி தெரியும்" என்றேன். அவளும் தலையில் கை வைத்து மெச்சுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பொரி உருண்டைத் தட்டை என் முன்னால் நகர்த்தினாள்.

முதல் உருண்டையைக் கடிக்கும்போது மைக்கண்ணன் குரல் கேட்டது. எங்கள் சந்து முனையிலும் ஒரு ஹார்ன் கட்டியிருந்தார்கள்.

"பக்தகோடிகளுக்கு ஓர் அறிவிப்பு. மஞ்சள் பாவாடை, சிவப்புச் சட்டை அணிந்த எட்டு வயதுப் பெண் குழந்தையைக் காணவில்லை. பார்த்தவர்கள் உடனே பந்தலுக்கு அழைத்து வரவும்."

யாரும் போய் அப்படி ஒரு புகார் கொடுக்கவில்லை. அவராகவேதான் என்னைக் காணோம் என்று சொன்னார். இன்றைக்கு நான் என்ன உடுத்தியிருக்கிறேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? நேற்றுப் பார்த்த பாவாடையைச் சொன்னார். "பாரு, உன்ன மாதிரியே ஒண்ணு" என்று அம்மா சிரித்தாள். என் பச்சைப் பாவாடையைப் பார்த்துக்கொண்டு நானும் சிரித்தேன். அந்த மஞ்சள் பாவாடைக்காரி ஒரு மக்கு என்று நினைத்தேன்.

இரண்டாவது முறை சொன்னபோது அத்தை எழுந்தாள். "அண்ணி, கற்பூரம் வாங்கிட்டு வந்துடறேன்" என்றாள். வாசலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பா, "இந்தக் கூட்டத்துல எங்கயும் போக வேணாம்னு சொல்லு" என்றார். "வேணாமாம்" என்றாள் அம்மா. அத்தை உட்கார்ந்தாள்.

மூன்றாவது முறை சொன்னபோது அவர் குரல் கொஞ்சம் தடுமாறியது. அத்தை மறுபடி எழுந்து இந்த முறை நேராக அப்பா முன்னால் போய் நின்றாள். "அண்ணா" என்றாள். நான் அவள் அப்படிக் கூப்பிட்டுக் கேட்டதே இல்லை. அப்பா நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. தங்கைக்கு என்னவோ வேண்டும் என்று அவருக்குப் புரிந்துதான் இருந்தது. ஆனால் பழக்கம் விடவில்லை. அம்மா பக்கம் திரும்பி, "என்னனு கேளு" என்றார்.

அம்மா கையில் திரியோடு, "என்ன?" என்று கேட்டாள்.

அத்தை அம்மாவைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல" என்றாள்.

"ஒண்ணுமில்லயாம்" என்றாள் அம்மா.

அப்பா அன்றைக்கு நேராக என்னம்மா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அத்தை சொல்லியிருப்பாளா? நானே அவளிடம் கேட்டேன். "தெரியல. தொண்டை வரைக்கும் வந்துச்சு" என்றாள். சொல்லியிருந்தாலும் அப்பா சம்மதித்திருப்பார் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். அடித்தே இருக்கலாம். ஆனால் அவளுக்கு ஒரு முறை வாய் விட்டுச் சொன்ன நிம்மதியாவது இருந்திருக்கும். வெள்ளிக்கிழமை தட்டு மாற்றினார்கள், தையில் கல்யாணம். மாமா நல்ல மனிதர், கலகலப்பானவர், அத்தையிடம் ஓயாமல் பேசுகிறவர். ஒரு குறையும் சொல்ல முடியாது. மைக்கண்ணன் அந்தத் திருவிழாவோடு வேலையை விட்டு வேலூர்ப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். அடுத்த வருஷம் பந்தலில் வேறு குரல்.

அப்பாவின் கதை மூன்றாவது அறிவிப்போடு நின்றுவிடும். அதன் பிறகு அவர் சாப்பிட உட்கார்ந்துவிட்டார், அம்மா பரிமாறிக்கொண்டிருந்தாள், அவர்கள் காதில் அடுத்தது விழவில்லை. நாலாவதைக் கேட்டவர்கள் நானும் அத்தையும்தான். வாசல் அகல்களுக்கு எண்ணெய் விட இரண்டு பேரும் வெளியே வந்திருந்தோம். மலை மேல் ஜோதி நன்றாகத் தெரிந்தது.

"பக்தகோடிகளுக்கு ஓர் அறிவிப்பு" என்றது ஹார்ன். இந்த முறை தடுமாற்றம் இல்லை. கல்யாண வீட்டில் அறிவிப்பது போல நிதானமாக இருந்தது. "மஞ்சள் பாவாடை அணிந்த பெண் குழந்தை பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. இனி யாரும் தேட வேண்டாம்."

அத்தை எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். அவளுக்கு எப்போதும் இளகிய மனசு, யார் வீட்டுப் பிள்ளைக்கோ இவ்வளவு நேரம் கவலைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறாள் என்று எனக்கு இரக்கமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

"அழாத அத்தை" என்றேன். "அதான் அந்தப் பொண்ணு கெடைச்சிட்டாளே."

அவள் தலையை ஆட்டினாள்.